பழைய மருந்துத் துப்பாக்கி வாங்குமுன் கெஜக்கோல் விட்டுப் பாருங்கள்

நிலக்கடலையும் மரவள்ளியும் மக்காச்சோளமும் விளையும் மலையடிவாரக் கிராமங்களில், பயிர்க் காவலுக்கென்று உரிமம் பெற்ற, குழலின் வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி இன்றும் சில வீடுகளில் உண்டு. புதிது வாங்க வசதியில்லாதவர்கள் பழையதை விலைக்குக் கேட்கிறார்கள். தகப்பனார் காலத்துத் துப்பாக்கியை மகன் தன் பெயருக்கு மாற்றிக்கொள்வதும் உண்டு. இவ்வகைத் துப்பாக்கியை வாங்குவோரும் கையாளுவோரும் அறிந்திருக்க வேண்டிய சில விவரங்களைக் காண்போம்.

முதல் சோதனை

தோட்டாத் துப்பாக்கியை மடித்துப் பார்த்தால் உள்ளே தோட்டா இருப்பது தெரிந்துவிடும். மருந்துத் துப்பாக்கியை அப்படி மடிக்க முடியாது. என்றோ ஒருநாள் கெட்டித்து, சுடாமல் சுவரில் மாட்டி வைத்த மருந்து பல ஆண்டுகள் கழித்தும் உள்ளேயே இருக்கும். ஈரம் படாமலிருந்தால் அது இன்றும் பற்றிக்கொள்ளும். ஆகவே, பழைய துப்பாக்கி எதையும் மருந்து உள்ளதாகவே எண்ணிக் கையாள வேண்டும்.

சோதிக்கும் முறை எளிது. கேப்பு இருந்தால் முதலில் அதை அகற்றிவிட வேண்டும். குழலின் வாய்க்கு நேரே முகமோ கையோ வராமல் ஒதுங்கி நின்று, கெஜக்கோலை மெதுவாக அடிவரை விட வேண்டும். வாய் மட்டத்தில் கோலில் ஓர் அடையாளம் இட்டு வெளியே எடுக்க வேண்டும். அந்த அடையாளத்தைக் குழலின் வாய்க்கு நேராக வைத்து, கோலைக் குழலின் வெளிப்புறம் ஒட்டிப் பிடித்தால், அதன் நுனி நிப்பிள் இருக்கும் இடம்வரை எட்ட வேண்டும். இரண்டு மூன்று விரற்கடை குறைந்தால் உள்ளே மருந்து இருக்கிறது என்று பொருள். சில குழல்களின் அடிப்பகுதி குறுகலாக அமைந்திருப்பதால் சிறிது குறைவதும் உண்டு. சந்தேகமிருந்தால் மருந்து இருப்பதாகவே கொள்க.

அந்த மருந்தைச் சுட்டு வெளியேற்ற முயலக் கூடாது. குழலை நெருப்பில் காட்டவும் கூடாது. வாய்வழியாகவும் நிப்பிள் வழியாகவும் தண்ணீர் விட்டு நன்றாக ஊறவைத்து, உரிமம் பெற்ற துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் சொல்லி எடுக்கச் செய்வதே முறை.

எந்த வகை என்று அறிதல்

உரிமத்தில் எஸ்.பி.எம்.எல். என்றிருந்தால் வாய்வழி கெட்டிக்கும் ஒற்றைக் குழல், டி.பி.எம்.எல். என்றால் இரட்டைக் குழல். குதிரையில் சக்கிமுக்கிக் கல் இருந்தால் அது கல் துப்பாக்கி. குதிரை நிப்பிளின் மேல் அடித்தால் அது கேப்புத் துப்பாக்கி. குழலுக்குள் சுழன்று செல்லும் வரிகள் இருந்தால் அது ரைபிள். பயிர்க் காவல் துப்பாக்கியின் குழல் பொதுவாக வரியின்றி வழவழப்பாக இருக்கும். 12-ஆம் நம்பர் குழல் என்பது, ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டையின் விட்டம்; சுமார் 18.5 மில்லிமீட்டர்.

குழலில் வெடிப்பு, புடைப்பு, ஆழ்ந்த துருக்குழி இருந்தால் விலை எவ்வளவு மலிவானாலும் வாங்க வேண்டாம். நிப்பிள் ஆடக் கூடாது. குதிரையைப் பாதி இழுத்து நிறுத்தினால், விசையை அழுத்தியும் அது விழக் கூடாது. குழலின் அடித்திருகு இறுக்கமாக உள்ளதா என்பதைப் பழுதுபார்ப்பவரிடம் காட்டித் தெரிந்துகொள்க.

சட்டம் சொல்வது

1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், உண்மையான பயிர்க் காவலுக்கு வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கி உரிமம் வழங்க இடம் தருகிறது. சுடக்கூடிய துப்பாக்கி எவ்வளவு பழையதானாலும் உரிமம் வேண்டும். தயாரித்தவர் பெயர், எண் அல்லது அங்கீகரிக்கப்பட்ட அடையாளம் பொறிக்கப்படாத துப்பாக்கியை விற்பது குற்றம். அடையாளத்தை அழிப்பதும் திருத்துவதும் குற்றமே. விற்பவர், வாங்குபவரின் பெயர் விலாசத்தை மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கோ அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ எழுத்து மூலம் தெரிவித்து, 45 நாட்கள் கழிந்த பின்பே கைமாற்ற வேண்டும். வாங்குபவரிடம் உரிமம் இருக்க வேண்டும்.

உரிமம் இருப்பதாலேயே விலங்கைச் சுட உரிமை வந்துவிடாது. மயில், யானை, காட்டுப்பன்றி மூன்றும் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியல்களில் உள்ளவை. தொல்லை மிகுந்தால் வனத்துறைக்கு மனுச் செய்ய வேண்டும்.

கெட்டிக்கும் முறை

1. குழல் காலியா என்று கெஜக்கோலால் பார்க்கவும். எண்ணெய்ப் பசையைத் துடைக்கவும்.

2. உரிமம் பெற்ற கடையில் வாங்கிய கருமருந்தையே பயன்படுத்தவும். தோட்டாவைப் பிரித்தெடுத்த புகையில்லா மருந்து இக்குழலை வெடிக்கச் செய்துவிடும். பட்டாசு மருந்தும் வீட்டுத் தயாரிப்பும் கூடவே கூடாது.

3. மருந்தை அந்தக் குழலுக்கென்று பழுதுபார்ப்பவர் குறித்துக் கொடுத்த அளவுக் கிண்ணத்தில் அளந்து போடவும். குப்பியிலிருந்து நேரே கொட்டக் கூடாது. குழலில் கனல் மிச்சமிருந்தால் குப்பி முழுவதும் கையிலேயே வெடிக்கும்.

4. தக்கையை வைத்து மருந்தின் மேல் படியும்வரை அழுத்தவும். பிறகு ரவை, அதன் மேல் மற்றொரு தக்கை. இடையில் வெற்றிடம் விட்டால் குழல் பிளக்கக் கூடும்.

5. கெட்டித்த நிலைக்குக் கோலில் இரண்டாவது அடையாளம் இட்டு வைக்கவும். இருமுறை மருந்து போட்டுவிட்டால் அது காட்டிக்கொடுத்துவிடும்.

6. கோலை வெளியே எடுத்த பின்பே, சுடுமிடத்தில், கடைசியாகக் கேப்பு மாட்டவும்.

விலங்கை விரட்டச் சத்தம் மட்டும் போதுமானால் ரவை வேண்டாம். மருந்தும் தக்கையும் போதும். ஆனால் அருகிலிருப்பவரைத் தக்கையும் காயப்படுத்தும் என்பதை மறவாதீர்கள்.

வெடிக்காவிட்டால்

கேப்பு அடித்தும் வெடிக்கவில்லையென்றால், குழலை ஆளில்லாத திசையில் பிடித்தபடி ஒரு நிமிடமாவது காத்திருக்க வேண்டும். மருந்து தாமதித்துப் பற்றுவதுண்டு. உடனே வாயை எட்டிப் பார்ப்பது உயிருக்கே ஆபத்து. மறுமுறை கெட்டிக்குமுன் ஈரத்துணியால் குழலைத் துடைத்துக் கனலை அணைக்க வேண்டும்.

கருமருந்தின் கரி ஈரத்தை இழுத்து இரும்பை அரிக்கும். சுட்ட அன்றே வெந்நீர் விட்டுக் கழுவி, உலர்த்தி, எண்ணெய் தடவ வேண்டும். கெட்டித்த துப்பாக்கியை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. மருந்து ஓரிடத்திலும் கேப்பு வேறிடத்திலும், பிள்ளைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வைக்க வேண்டும். இன்று சுடாமல் விட்டு வைத்த மருந்து, நாளை அதைத் தொடும் பேரப்பிள்ளைக்கு எமனாகலாம்.