தி கிரேட் காளியின் டபிள்யூ. டபிள்யூ. ஈ. காலம்

தி கிரேட் காளி என்ற மேடைப் பெயரால் அறியப்படும் தலிப் சிங் ராணா, 2006 முதல் 2014 வரை டபிள்யூ. டபிள்யூ. ஈ. என்னும் அமெரிக்க நிறுவனத்தில் பங்காற்றிய இந்தியத் தொழில்முறை மற்போர் வீரர் ஆவார். இவர் இமாச்சலப் பிரதேசத்தின் சிர்மௌர் மாவட்டத்தைச் சேர்ந்தவர். பஞ்சாப் காவல் துறையில் பணியாற்றியவர். இவர் விலகிய பின்னர், அக்காலம் குறித்து நேர்மாறான இரு கருத்துகள் கூறப்பட்டு வருகின்றன. உலக வாகையர் பட்டம் வென்ற முதல் இந்தியர் என்று ஒரு சாராரும், களத்தில் திறன் குன்றியவர் என்று மற்றொரு சாராரும் கூறுகின்றனர். இவ்விரு கருத்துகளும் வெவ்வேறு அளவுகோல்களைக் கொண்டு எழுந்தவை.

வெற்றி தோல்வியின் பொருள்

தொழில்முறை மற்போரில் போட்டியின் முடிவு முன்னரே தீர்மானிக்கப்படுகிறது. ஒலிம்பிக் மல்யுத்தத்திலிருந்து இது வேறுபடுவது இவ்விடத்தில்தான். பாரதக் கூத்தில் வீமன் ஒவ்வொரு முறையும் துரியோதனனை வீழ்த்துகிறான். அதனால் வீமன் வேடம் கட்டியவரைச் சிறந்த கலைஞர் என்று எவரும் முடிவு செய்வதில்லை. அதே போன்று, மற்போர் வீரர் பெறும் பட்டம் அவருடைய வலிமைக்குச் சான்று அன்று. நிறுவனம் அவர்மீது வைத்த நம்பிக்கையையே அது காட்டுகிறது. எனினும் விழுதல், தூக்குதல், காயம் ஆகியவை மெய்யானவை. ஆகவே உடற்பயிற்சியும் எதிராளியைக் காக்கும் கவனமும் இத்தொழிலில் இன்றியமையாதவை.

காலவரிசை

2006 ஏப்ரலில் தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்றில் தி அண்டர்டேக்கரைத் தாக்கிக் காளி அறிமுகமானார். அடுத்த மாதமே 'ஜட்ஜ்மென்ட் டே' நிகழ்வில் அவரை வென்றார். 2007இல் ஜான் சீனாவுடன் மோதித் தோற்றார். அவ்வாண்டு ஜூலையில், வாகையராக இருந்த எட்ஜ் காயமுற்றுப் பட்டத்தைத் துறந்தார். அதனை நிரப்ப நடைபெற்ற 20 பேர் போட்டியில் காளி வென்று உலகக் கனஎடை வாகையர் ஆனார். செப்டம்பர் 16 அன்று பட்டிஸ்டாவிடம் பட்டத்தை இழந்தார். 2008 ஆகத்தில் டிரிபிள் எச் உடன் நடந்த பட்டப் போட்டியிலும் தோல்வியுற்றார். அதன் பின்னர் அச்சுறுத்தும் பாத்திரம் படிப்படியாக நகைச்சுவைப் பாத்திரமாக மாற்றப்பட்டது. 2014 நவம்பரில் அவருடைய ஒப்பந்தம் முடிவுற்றது.

மதிப்பிடும் அளவுகோல்கள்

களத்திறன்: இவ்வளவுகோலில் காளியின் காலம் வலுவற்றது. 'ரெஸ்லிங் அப்சர்வர் நியூஸ்லெட்டர்' என்ற அமெரிக்க இதழின் வாசகர்கள் இவரை மிக மோசமான மற்போர் வீரராக ஒன்றுக்கு மேற்பட்ட முறை தெரிவு செய்தனர். ஆயினும் இரண்டு செய்திகளைக் கருத்தில் கொள்ள வேண்டும். இவர் தொழில்முறை மற்போரில் இறங்கியது 2000இல், தம் 28ஆம் வயதில் ஆகும். மேலும், 7 அடி 1 அங்குல உயரத்தை அளித்த உடல்நிலையே இவருடைய அசைவையும் கட்டுப்படுத்தியது. 2012 ஜூலையில் கபச் சுரப்பியில் இருந்த கட்டி அறுவை மருத்துவத்தால் அகற்றப்பட்டது. அதன் பின்னரும் இவர் களத்திற்குத் திரும்பினார்.

நிறுவனம் அளித்த இடம்: முதல் இரண்டரை ஆண்டுகளில் அண்டர்டேக்கர், சீனா, பட்டிஸ்டா, டிரிபிள் எச் ஆகிய முன்னணி வீரர் அனைவருக்கும் எதிராக நிறுத்தப்பட்டார். பேருருவ எதிரியின் பணி, தான் வீழும்போது எதிராளியை உயர்த்துவது ஆகும். அப்பணியைக் காளி நிறைவேற்றினார். ஆனால் பிந்தைய ஆண்டுகளில் இவருக்குத் தொடர்ச்சியான கதை அளிக்கப்படவில்லை.

பார்வையாளர் வரவேற்பு: அமெரிக்க விமர்சகர்கள் நுட்பத்தை நோக்கினர்; இந்தியச் சிறுவர் பலர் தம் நாட்டவர் ஒருவர் அம்மேடையில் நிற்பதை நோக்கினர். 2010இல் தொடங்கிய இந்தி 'பிக் பாஸ்' நிகழ்ச்சியின் நான்காம் பருவத்தில் இவர் இரண்டாம் இடம் பெற்றது, மற்போர் பார்க்காதவரிடமும் இவர் அறிமுகமாகியிருந்ததைக் காட்டுகிறது.

விட்டுச் சென்றவை: விலகிய மறு ஆண்டில், 2015இல், காளி ஜலந்தரில் 'கான்டினென்டல் ரெஸ்லிங் என்டர்டெயின்மென்ட்' என்ற பயிற்சிக் கூடத்தையும் போட்டி அமைப்பையும் தொடங்கினார். அங்கே பயின்ற கவிதா தேவி, 2017இல் டபிள்யூ. டபிள்யூ. ஈ. களத்தில் போட்டியிட்ட முதல் இந்தியப் பெண் ஆனார்.

ஒப்பீடு

கனடாவில் பிறந்த பஞ்சாபியரான ஜிந்தர் மகால், 2014இல் அதே நிறுவனத்திலிருந்து நீக்கப்பட்டார். அன்று மதிப்பிட்டிருந்தால் அவருடைய காலம் தோல்வியாகவே எண்ணப்பட்டிருக்கும். 2016இல் திரும்பிய அவர், 2017 மே மாதத்தில் ராண்டி ஆர்ட்டனை வென்று 170 நாட்கள் முதன்மை வாகையராக இருந்தார். அவ்வாண்டு ஜூலையில் மகாலுக்கு உதவக் காளியும் மேடையில் தோன்றினார். ஒருவர் விலகிய உடனே வழங்கப்படும் தீர்ப்பு இறுதியானதன்று என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

மதிப்பீடு

2021இல் டபிள்யூ. டபிள்யூ. ஈ. தனது புகழ்மண்டபத்தில் காளியைச் சேர்த்தது. இது களத்திறன் பற்றிய குறையை மாற்றுவதில்லை. அக்குறை இச்சிறப்பை மறுப்பதும் இல்லை. பட்டத்தை மட்டும் எண்ணினால் காளியின் காலம் இரண்டு மாத வெற்றியாகச் சுருங்கும். நுட்பத்தை மட்டும் நோக்கினால் அது குறையாகவே முடியும். இந்தியாவில் பிறந்த ஒருவர் அம்மேடையின் முதலிடத்தை அடைய இயலும் என்பதைக் காட்டியதும், பின்வருவோருக்குப் பயிற்சிக் கூடம் அமைத்ததுமே அக்காலத்தின் நிலையான பயன்களாகும்.