தலைவலி காட்டிய வழி

பர்மாவில் பெரிய வியாபாரியாக இருந்தவர் சத்தியநாராயண் கோயங்கா. பணம் இருந்தது, நிம்மதி இல்லை. காரணம், ஒற்றைத் தலைவலி!

"மார்பியா" ஊசி போட்டால்தான் வலி அடங்கும். ஊசிக்கே அடிமையாகி விடுவோமோ என்று பயந்தார். வெளிநாட்டு டாக்டர்களிடம் போயும் பலன் இல்லை.

1955-ல் ரங்கூனில் ஊ பா கின் என்ற அரசாங்க அதிகாரியிடம் போனார். அவர் புத்தர் வழித் தியானம் கற்பித்து வந்தார். தலைவலிக்காக வரவேண்டாம், மனத்தைத் தூய்மை செய்ய வா என்றார், அவர்.

10 நாள் பயிற்சி. முதலில் மூச்சைக் கவனித்தார். பிறகு உடம்பில் தோன்றும் வலியை, சூட்டை, அரிப்பைக் கவனித்தார். எதையும் வெறுக்கவில்லை. தோன்றியது மறைவதைக் கண்டார்.

தலைவலியும் விட்டது, ஊசியும் நின்றது!

1969 முதல் இந்தியாவில் இதைக் கற்பித்த கோயங்கா, 2013-ல் காலமானார்.

நோய்க்கு டாக்டர் வேண்டும். நோய்மேல் உள்ள வெறுப்புக்கு மருந்து, மனத்தில்தான் இருக்கிறது.