மலைச்சரிவுக்குத் தொலைபேசி வரும் வழி

போடிநாயக்கனூரில் 'ஏலம்' என்ற ஒரே சொல் இரண்டு பொருள்களைத் தருகிறது. மலையில் விளையும் காயும் ஏலம். அக்காய் விலை போகும் முறையும் ஏலம். இவ்வூரின் வாணிபம் இவ்விரண்டையும் சார்ந்தே நிற்கிறது. காய் மேலே விளைகிறது; விலை கீழே முடிவாகிறது. இடையில் ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரமும், போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளும் உள்ளன. காயைக் கீழே கொண்டுவர ஜீப்பும் லாரியும் உண்டு. விலையை மேலே கொண்டு செல்வது எது? தொலைபேசிதான். அது நமது நாட்டில் எவ்வாறு பரவியது, மலைச்சரிவுகளில் மட்டும் ஏன் தயங்கி நிற்கிறது, அதனை வரவழைக்கப் பஞ்சாயத்து என்ன செய்யலாம் என்பவற்றை இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

தொலைபேசி வளர்ந்த வரலாறு

1882-ஆம் ஆண்டிலேயே கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய நகரங்களில் தொலைபேசி நிலையங்கள் திறக்கப்பட்டன. எனினும், நாடு விடுதலை அடைந்த 1947-இல் இந்தியா முழுவதிலும் இருந்த தொலைபேசிகள் சுமார் 80 ஆயிரமே. அதன் பின்னரும் வளர்ச்சி மெதுவாகவே நடந்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியே செம்புக் கம்பி இழுக்க வேண்டியிருந்தது. நிலையத்துக்கு வேண்டிய இயந்திரங்கள் விலை மிக்கவையாக இருந்தன. விண்ணப்பம் கொடுத்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருப்பது வழக்கமாயிற்று.

கிராமங்களுக்கு முதல் வழியைத் திறந்தது நமது நாட்டிலேயே செய்யப்பட்ட சிறு நிலையங்கள் ஆகும். 1984-இல் மத்திய அரசு சி-டாட் என்னும் ஆராய்ச்சி நிலையத்தை நிறுவியது. குளிர்சாதன வசதியின்றி, கிராமத்து வெப்பத்திலும் தூசியிலும் இயங்கக்கூடிய சிறு தொலைபேசி நிலையத்தை அந்நிறுவனம் உருவாக்கிற்று. 1986-இல் கர்நாடக மாநிலத்துக் கிட்டூரில் அது இயங்கத் தொடங்கியது. அதனையடுத்து, கடைவீதிதோறும் மஞ்சள் பலகை மாட்டிய எஸ்.டி.டி. சாவடிகள் தோன்றின. வீட்டில் தொலைபேசி இல்லாதவரும் காசு கொடுத்து வெளியூருடன் பேசும் நிலை அப்பொழுதுதான் பரவலாயிற்று.

1994-ஆம் ஆண்டின் தேசியத் தொலைத்தொடர்புக் கொள்கை தனியார் நிறுவனங்களுக்கும் இத்துறையில் இடமளித்தது. 1995 ஜூலை 31-இல் நாட்டின் முதல் கைப்பேசி அழைப்பு கல்கத்தாவிலிருந்து செய்யப்பட்டது. அந்நாளில் அழைப்பவர் மட்டுமன்றி, அழைப்பைப் பெறுபவரும் கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது. ஆகவே அது செல்வந்தரின் கருவியாகவே இருந்தது. 2003-இல் பெறுபவர் கட்டணம் நீங்கிற்று. நிறுவனங்களுக்கிடையே போட்டி மிகுந்தது, கட்டணம் குறைந்தது, கூலி வேலை செய்பவர் கையிலும் கைப்பேசி வந்தது. இன்று நாட்டில் 110 கோடிக்கும் மேற்பட்ட இணைப்புகள் உள்ளன.

ஆப்பிரிக்கக் கண்டத்தில் பல நாடுகளும் இதே வழியில் சென்றிருக்கின்றன. கென்யா நாட்டில் 2000-ஆம் ஆண்டையொட்டி, கம்பித் தொலைபேசி நூறு பேருக்கு ஒன்று என்ற அளவிலேயே இருந்தது. அந்நாடு ஊரூராகக் கம்பி இழுத்து முடிக்கும்வரை காத்திராமல், நேராகக் கைப்பேசிக்குத் தாவியது. 2007-இல் அங்கே எம்-பேசா என்னும் முறை தொடங்கிற்று. வங்கிக் கணக்கு இல்லாத உழவரும் கைப்பேசி மூலம் பணம் அனுப்பவும் பெறவும் அதனால் இயன்றது. வங்கியும் கம்பியும் எட்டாத இடத்தில் கோபுரம் எட்டியதே இதற்குக் காரணம்.

செய்தியும் விலையும்

தொலைபேசியால் விளைவிப்பவருக்கு என்ன பயன்? இதற்கு நமது அண்டை மாநிலத்திலேயே சான்று உண்டு. வட கேரளக் கடற்கரையில் 1997 முதல் 2001 வரை கைப்பேசி வசதி படிப்படியாக வந்தது. அதற்கு முன், மத்தி மீன் பிடித்தவர்கள் தங்களுக்கு அருகிலுள்ள கரையிலேயே மீனை இறக்கினர். ஒரு கரையில் வாங்க ஆளின்றி மீன் கடலில் கொட்டப்படும். சில கல் தொலைவிலுள்ள மற்றொரு கரையில் வாங்குவோர் மீனின்றித் திரும்புவர். கைப்பேசி வந்தபின், கடலிலிருந்தபடியே எந்தக் கரையில் என்ன விலை என்று மீனவர் கேட்டறிந்தனர். ராபர்ட் ஜென்சன் என்னும் பொருளாதார அறிஞர் இதனை ஆராய்ந்து 2007-இல் வெளியிட்டார். மீனவரின் இலாபம் சராசரியாக 8 சதவீதம் உயர்ந்தது. வாங்குவோர் கொடுத்த விலை 4 சதவீதம் குறைந்தது. மீன் வீணாவது அறவே நின்றது. இருவருக்கும் நன்மை கிட்டியது என்பதே இங்கு கவனிக்கத்தக்கது.

ஏலக்காய் மீனைப் போல் ஒரே நாளில் கெடும் பொருளன்று. உலர்த்திய காயைச் சில காலம் வைத்திருக்கலாம். ஆனால் அதன் விலை பெரிதும் ஏறி இறங்கும் இயல்புடையது. 2019 ஆகஸ்டில் ஏலத்தில் உச்ச விலை கிலோவுக்கு 7,000 ரூபாயைத் தொட்டது. 2022-இலோ சராசரி விலை ஆயிரம் ரூபாய்க்கும் கீழே வந்திருந்தது. இத்தகைய பொருளை எப்பொழுது விற்பது, எப்பொழுது இருப்பில் வைப்பது என்று தீர்மானிக்க, அன்றன்றைய விலை தெரிந்தாக வேண்டும்.

முன்பெல்லாம் ஏலக்காரர் வாயால் கூவ, வணிகர்கள் விலை கேட்பார்கள். 2007-இல் நறுமணப் பொருள் வாரியம் போடிநாயக்கனூரில் மின்னணு ஏல முறையைக் கொண்டுவந்தது. வணிகர் தம் முன்னுள்ள கணிப்பொறியில் விலையைப் பதிவு செய்கிறார். யார் எவ்வளவு கேட்டார் என்பது உடனுக்குடன் பதிவாகிறது. கேரளத்தில் புற்றடியிலும் இதே ஏற்பாடு உண்டு. 2021-இல் இவ்விரண்டு மையங்களும் இணையத்தால் ஒன்றாகப் பிணைக்கப்பட்டன. போடியில் அமர்ந்திருப்பவர் புற்றடி ஏலத்திலும், புற்றடியில் இருப்பவர் போடி ஏலத்திலும் கலந்துகொள்ள முடிகிறது. வாங்குவோர் எண்ணிக்கை மிகுந்தால் விற்பவருக்கு நன்மை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் ஒன்றை மறத்தலாகாது. ஏலக்கூடத்தில் விலை நொடியில் தெரிகிறது. மலைச்சரிவில் சிக்னல் கிடைக்காத தோட்டத்தில் இருக்கும் சிறு விவசாயிக்கு அது மாலையிலோ மறுநாளோதான் தெரிகிறது. அந்த இடைவெளியில் தோட்டத்துக்கே வந்து காய் வாங்குபவருக்கு விலை தெரியும், விற்பவருக்குத் தெரியாது. பெருந்தோட்டக்காரருக்குப் போடியில் ஆள் உண்டு. இரண்டு ஏக்கர் வைத்திருப்பவருக்குக் கைப்பேசி ஒன்றே துணை. முன்பணம் வாங்கியவர் கொடுத்தவருக்கே காயை விற்க வேண்டிய நிலையைத் தொலைபேசி மாற்றிவிடாது என்பதும் உண்மையே. எனினும், என்ன விலைக்குத் தம் காய் போகிறது என்பதை அறிந்து விற்பவருக்கும், அறியாமல் விற்பவருக்கும் வேற்றுமை பெரிது.

உயிர்க் காப்பும் இதில் அடங்கியிருக்கிறது. 2018 மார்ச்சு 11-ஆம் நாள் குரங்கணிக்கு மேலுள்ள மலையில் காட்டுத்தீ சூழ்ந்து, மலையேற்றத்துக்குச் சென்றவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்த துயரத்தை நாம் மறக்கவில்லை. தீயாயினும், மண்சரிவாயினும், பிரசவ வேதனையாயினும், செய்தி கீழே வந்து சேரும் நேரமே உதவி மேலே செல்லும் நேரத்தை நிர்ணயிக்கிறது.

சரிவில் ஏன் தயக்கம்?

நாட்டில் இவ்வளவு வளர்ந்த தொலைபேசி, மலையில் ஏன் தயங்குகிறது? 2024-ஆம் ஆண்டில் நகர்ப்புறத்தில் நூறு பேருக்கு 130-க்கும் மேற்பட்ட இணைப்புகள் இருந்தன. கிராமப்புறத்திலோ 60-க்கும் சற்றுக் குறைவு. மக்கள் நெருங்கி வாழும் இடத்தில் ஒரு கோபுரம் ஆயிரக்கணக்கானோருக்குப் பயன்படுகிறது. அதன் செலவு விரைவில் திரும்பி வருகிறது. தோட்டத்துக்குத் தோட்டம் நாலைந்து குடும்பங்கள் சிதறி வாழும் சரிவில் அச்செலவு எளிதில் திரும்புவதில்லை. ஆகவே வாணிபம் தானாக மலையேறுவதில்லை.

இரண்டாவது காரணம் மலையே. கைப்பேசியின் வானலை ஏறத்தாழ ஒளியைப் போல் நேராகச் செல்வது. விளக்கின் முன் கையை வைத்தால் நிழல் விழுவதுபோல், மலைமுகட்டின் பின்னால் அலைக்கும் நிழல் விழுகிறது. போடியில் உள்ள கோபுரம் எதிரே தெரியும் சரிவுக்கு எட்டும். முகட்டுக்கு அப்பாலுள்ள பள்ளத்துக்கு எட்டாது.

மூன்றாவதாக, கோபுரம் தனியே நின்று பயனில்லை. அதற்கு மின்சாரம் வேண்டும். கீழேயுள்ள நிலையத்துடன் அதனை இணைக்கக் கண்ணாடி இழைக் கம்பியோ, எதிரெதிரே பார்க்கும் வானலைத் தட்டோ வேண்டும். காட்டு நிலமாயின் வனத்துறையின் அனுமதியும் வேண்டும். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூணாற்றுத் தேயிலை, டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தின் வழியே கொட்டகுடிக்கு இறங்கிப் போடிக்கு வந்தது. அக்கம்பிவடத்துக்கு மேலும் கீழும் நிலையங்கள் தேவைப்பட்டது போலவே, இன்றைய செய்திக்கும் வழி நெடுக நிலையங்கள் தேவை.

அரசின் ஏற்பாடுகள்

இலாபம் இல்லாத இடத்துக்கும் வசதி செல்ல வேண்டும் என்பதற்காக 2002-இல் அனைவருக்குமான சேவைக் கடப்பாட்டு நிதி ஏற்படுத்தப்பட்டது. தொலைத்தொடர்பு நிறுவனங்களின் வருமானத்தில் 5 சதவீதம் இந்நிதிக்குச் செல்கிறது. 2023-ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டத்தின்படி இது 'டிஜிட்டல் பாரத் நிதி' என்ற பெயரைப் பெற்றது. கைப்பேசி வசதியில்லாத 24,680 கிராமங்களுக்கு நான்காம் தலைமுறைச் சேவை அளிக்க, 26,316 கோடி ரூபாய் மதிப்புள்ள திட்டத்துக்கு 2022 ஜூலையில் மத்திய அரசு இசைவளித்தது, பி.எஸ்.என்.எல். நிறுவனம் அதனை நிறைவேற்றும் பொறுப்பை ஏற்றது. பஞ்சாயத்துகளைக் கண்ணாடி இழைக் கம்பியால் இணைக்கும் பாரத்நெட் திட்டத்தைத் தமிழ்நாட்டில் செயற்படுத்துவதற்கென மாநில அரசு ஒரு நிறுவனத்தை அமைத்திருக்கிறது.

பஞ்சாயத்து செய்யக்கூடியவை

திட்டமும் நிதியும் இருந்தாலும், எந்தச் சரிவில் எந்தக் குடியிருப்பு விடுபட்டுள்ளது என்பதை அங்கு வாழ்வோரே நன்கு அறிவர். ஆகவே பின்வருவனவற்றைப் பஞ்சாயத்துகளின் கவனத்துக்குக் கொண்டுவருகிறோம்.

முதலாவதாக, சிக்னல் கணக்கு ஒன்று எடுத்தல் நலம். குடியிருப்பு, பள்ளி, ரேஷன் கடை, ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர், ஜீப் நிற்குமிடம் ஆகிய ஒவ்வோர் இடத்திலும் எந்த நிறுவனத்தின் சிக்னல் கிடைக்கிறது, எது கிடைக்கவில்லை என்று எழுதி வைக்க வேண்டும். நிறுவனங்கள் தத்தம் சேவை எட்டும் இடங்களை வரைபடமாக இணையத்தில் வெளியிட வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் விதித்துள்ளது. வரைபடத்தில் வசதி உண்டு என்று காட்டியுள்ள இடத்தில் உண்மையில் இல்லையாயின், அக்கணக்கு வலிய சான்றாகும்.

இரண்டாவதாக, அக்கணக்கைக் கிராம சபையில் வைத்துத் தீர்மானம் நிறைவேற்றி, மாவட்ட ஆட்சியருக்கும் தொலைத்தொடர்புத் துறைக்கும் அனுப்ப வேண்டும். எத்தனை குடும்பங்கள், எத்தனை ஏக்கர், காய் எடுக்கும் காலத்தில் எத்தனை தொழிலாளர் என்ற விவரங்கள் இருந்தால் கோரிக்கைக்கு வலு கூடும்.

மூன்றாவதாக, பொது இடத்தில் கோபுரம் அமைக்கவோ கம்பி பதிக்கவோ விண்ணப்பம் வந்தால், விதிப்படி காலத்தில் முடிவு சொல்ல வேண்டும். தோண்டிய பாதையை முன்பிருந்தபடி செப்பனிட்டுத் தரச் செய்வதும் பஞ்சாயத்தின் கடமை.

நான்காவதாக, கோபுரத்தின் கதிர்வீச்சைப் பற்றிய அச்சத்தைப் பேசித் தெளிவிக்க வேண்டும். சர்வதேச அமைப்பு வகுத்த அளவில் பத்தில் ஒரு பங்கையே நமது நாடு 2012 முதல் வரம்பாகக் கொண்டிருக்கிறது. ஐயம் இருப்பின், அளந்து காட்டும்படி தொலைத்தொடர்புத் துறையைக் கேட்கலாம்.

ஐந்தாவதாக, மோசடியைப் பற்றி எச்சரிக்க வேண்டும். 'உங்கள் நிலத்தில் கோபுரம் அமைக்கிறோம், மாதம் பெருந்தொகை வாடகை. முதலில் பதிவுக் கட்டணம் கட்டுங்கள்' என்று தொலைபேசியிலும் கடிதத்திலும் விவசாயிகளை ஏமாற்றுவோர் உண்டு. கோபுரம் அமைக்கும் நிறுவனம் நிலத்துக்காரருக்கு வாடகை தருமேயன்றி, அவரிடமிருந்து முன்பணம் கேட்பதில்லை. ஒழுங்குமுறை ஆணையமோ தொலைத்தொடர்புத் துறையோ இதற்கெனக் கட்டணம் வாங்குவதில்லை. ஏமாந்தவர் 1930 என்ற எண்ணில் உடனே முறையிட வேண்டும்.

இறுதியாக, அவசர உதவிக்கு 112 என்ற எண்ணை ஒவ்வொரு தொழிலாளரும் அறிந்திருக்கச் செய்ய வேண்டும். தம் நிறுவனத்தின் சிக்னல் இல்லாத இடத்திலும், வேறு நிறுவனத்தின் சிக்னல் இருந்தால் இவ்வழைப்பு செல்லும். எல்லைச் சரிவில் கேரளக் கோபுரத்தைக் கைப்பேசி பற்றிக்கொள்வதும் உண்டு. அப்பொழுது அழைப்பு அம்மாநிலத்துக்குச் செல்லக்கூடும். ஆதலின் மாநிலம், ஊர், தோட்டம் ஆகியவற்றின் பெயர்களை முதலிலேயே சொல்லப் பழக வேண்டும்.

சாலையும் பள்ளியும் வேண்டுமென்று கேட்டுப் பெற்ற பஞ்சாயத்துகளுக்கு இது புதிய வேலையன்று. தொலைபேசியும் இன்று அவற்றைப் போன்ற பொதுத் தேவையே. நகருக்கு அதனை வாணிபம் கொண்டுவந்தது. மலைச்சரிவுக்கு மக்களின் முயற்சியே கொண்டுவர வேண்டும். அடுத்த கிராம சபைக்கு முன் சிக்னல் கணக்கு எடுக்கும் பஞ்சாயத்து, அடுத்த காய் எடுப்புக்கு முன் தன் கோரிக்கையை உரியவர் மேசையில் சேர்த்துவிடலாம்.