மேயரைத் தேடி ஓடி வந்த கம்பெனித் தலைவர்!
மியூனிக் நகரசபை நடத்திய கம்ப்யூட்டர் போராட்டம்

மியூனிக், ஜெர்மனியின் தெற்கே உள்ள பெரிய நகரம்.

2003-ம் ஆண்டு மார்ச் மாதம். அந்த நகரத்து மேயர் கிறிஸ்டியன் உடேயைப் பார்க்க ஒருவர் அவசரமாக வந்தார். சுவிட்சர்லாந்தில் பனிச்சறுக்கு விளையாடப் போயிருந்தவர், விடுமுறையைப் பாதியில் விட்டுவிட்டு வந்தார்.

அவர் யார் தெரியுமா? மைக்ரோசாப்ட் கம்பெனியின் தலைமை நிர்வாகி ஸ்டீவ் பால்மர்!

மியூனிக் நகரசபை "விண்டோஸ்" வேண்டாம் என்று முடிவு செய்யப் போகிறது என்ற செய்திதான் அவரை ஓடி வரச் செய்தது.

விண்டோஸ் என்பது என்ன?

கம்ப்யூட்டர் வெறும் எந்திரம். அதை நடத்த ஒரு மானேஜர் வேண்டும். எழுத்தைத் திரையில் காட்டுவது, கடிதத்தைப் பத்திரப்படுத்துவது, அச்சு எந்திரத்துக்கு அனுப்புவது எல்லாம் அந்த மானேஜரின் வேலை. விண்டோஸ் அப்படி ஒரு மானேஜர். அதற்கு விலை உண்டு.

"லினக்ஸ்" இன்னொரு மானேஜர். பின்லாந்து நாட்டுக் கல்லூரி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், 1991-ம் ஆண்டில், தமது 21-வது வயதில் இதைத் தொடங்கினார். பிறகு உலகம் முழுவதும் உள்ள நிபுணர்கள் சேர்ந்து வளர்த்தார்கள்.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? ஒரு கடைக்காரர் அல்வா விற்பார், செய்முறையைச் சொல்லமாட்டார். இன்னொருவர் அல்வாவையும் கொடுத்து, செய்முறையையும் எழுதிக் கொடுப்பார். "உங்கள் ருசிக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளுங்கள்" என்பார். லினக்ஸ் இரண்டாவது ரகம்.

ஏன் மாற நினைத்தார்கள்?

மியூனிக் ஆபீசுகளில் "விண்டோஸ் என்.டி. 4" என்ற பழைய ரகம் ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பராமரிப்பதைக் கம்பெனி நிறுத்தப் போவதாக அறிவித்தது. புது ரகத்தை விலை கொடுத்து வாங்க வேண்டும்!

ஒரே கம்பெனியை நம்பி எத்தனை காலம் இருப்பது? இதுதான் நகரசபையில் எழுந்த கேள்வி.

கம்பெனி விலையைக் குறைத்துப் பார்த்தது. பலிக்கவில்லை. 2003 மே 28-ந் தேதி, லினக்சுக்கு மாறுவது என்று நகரசபை தீர்மானித்தது.

பத்து ஆண்டு வேலை

தீர்மானம் போடுவது சுலபம். மாறுவது சுலபமா?

ஆயிரக்கணக்கான மனுப் படிவங்களையும் கடித மாதிரிகளையும் புதிதாக அமைக்க வேண்டியிருந்தது. ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டியிருந்தது. சில இலாகாக்களின் விசேஷ வேலைகள் விண்டோசில் மட்டுமே ஓடின. வெளியிலிருந்து வந்த கடிதங்கள் சில, திரையில் வரி கலைந்து தெரிந்தன.

ஆனாலும் விடவில்லை. 2006-ல் கம்ப்யூட்டர்களை மாற்றத் தொடங்கினார்கள். 2013-ல் சுமார் 15 ஆயிரம் கம்ப்யூட்டர்கள் லினக்சுக்கு மாறிவிட்டன. இதனால் 1 கோடி யூரோவுக்கு மேல் மிச்சம் என்று நகரசபை கணக்குக் காட்டியது. அந்தக் கணக்கு சரியல்ல என்று மைக்ரோசாப்ட் மறுத்தது.

மீண்டும் திருப்பம்!

2014-ல் புது மேயர் வந்தார். ஊழியர்களின் புகார்கள் பெரிதாயின. 2017 நவம்பரில், விண்டோசுக்கே திரும்புவது என்று நகரசபை தீர்மானித்தது. செலவு, சுமார் 5 கோடி யூரோ!

அப்படியானால் லினக்ஸ் மோசமா? அப்படிச் சொல்ல முடியாது. நகரசபையின் கம்ப்யூட்டர் நிர்வாகம் பல இடங்களில் சிதறிக் கிடந்ததே பெரிய குறை என்று நிபுணர்கள் எடுத்துக் காட்டினார்கள்.

பிரான்ஸ் நாட்டின் "ஜாந்தார்மெரி" போலீஸ் படையும் மாறியது. அவசரப்படவில்லை. 2005 வாக்கில் கடிதம் எழுதும் சாதனத்தை மட்டும் மாற்றினார்கள். அடுத்து இன்டர்நெட் பார்க்கும் சாதனம். கை பழகிய பிறகே மானேஜரை மாற்றினார்கள். பல்லாயிரம் கம்ப்யூட்டர்கள் லினக்சில் ஓடுகின்றன.

2020-ல் மியூனிக்கில் அமைந்த புதிய கூட்டணி, முடிந்த இடத்தில் எல்லாம் செய்முறை மறைக்காத சாதனங்களையே பயன்படுத்துவது என்று உடன்பாடு செய்துகொண்டது. 2024-ல் ஜெர்மனியின் ஷ்லேஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநில சர்க்கார், 30 ஆயிரம் கம்ப்யூட்டர்களை மாற்றப் போவதாக அறிவித்தது.

வீட்டில் மாற்ற விரும்பினால்...

"விண்டோஸ் 10" ரகத்துக்கு வழக்கமான பராமரிப்பு 2025 அக்டோபர் 14-ந் தேதியுடன் முடிந்துவிட்டது. பழைய கம்ப்யூட்டர் வைத்திருப்போர் பலர் லினக்ஸ் பக்கம் திரும்பிப் பார்க்கிறார்கள்.

மாறுகிறவர்கள் கவனிக்க வேண்டியவை:

முதலில் போட்டோக்களையும் முக்கியக் கடிதங்களையும் வேறு இடத்தில் பிரதி எடுத்து வையுங்கள்.

லினக்சைப் பென்டிரைவில் ஏற்றி, பழையதை அழிக்காமலே ஓட்டிப் பார்க்கலாம். திரை, ஒலி, அச்சு எந்திரம், இன்டர்நெட் எல்லாம் வேலை செய்கின்றனவா என்று பாருங்கள்.

தொழிலுக்கு அவசியமான சாதனம் லினக்சில் ஓடுமா என்று விசாரியுங்கள். ஓடாது என்றால் அவசரப்படாதீர்கள்.

வீட்டில் உள்ள எல்லோரையும் ஒருமுறை உட்கார வைத்துப் பழக்குங்கள். எந்திரம் ஒரு மணி நேரத்தில் மாறிவிடும். மனிதர் பழகத்தான் நாளாகும். மியூனிக் சொல்லும் பாடம் அதுவே!