பாட்டியின் டப்பாவில் கறுத்த வெள்ளி

ஈப்போவைச் சுற்றியிருந்த ரப்பர் தோட்டங்களை விட்டு நகரத்துக்கு வந்த குடும்பங்கள் சிலவற்றில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா இருக்கும். உள்ளே தாத்தா, பாட்டி சேர்த்து வைத்த காசுகள். வெள்ளிக்காசு கறுத்திருக்கும், சதுரக் காசில் பச்சை பூத்திருக்கும். பார்த்ததும் கை புளியையும் சாம்பலையும் தேடும். குத்துவிளக்குக்கு அது சரி. நாணயத்துக்கு அது கேடு. ஏன் தெரியுமா?

டப்பாவில் இருப்பது என்ன?

ரிங்கிட்டை நாம் இன்றும் 'வெள்ளி' என்கிறோம். அன்று அது உண்மையிலேயே வெள்ளிதான். 1903இல் வெளிவந்த நீரிணைக் குடியேற்ற நாணயம் ஏறத்தாழ 27 கிராம் எடை கொண்டது, அதில் 90 விழுக்காடு வெள்ளி. 1907இல் எடை சுமார் 20 கிராமாகக் குறைந்தது. 1919ஆம் ஆண்டு நாணயத்தில் வெள்ளி பாதிதான். அதே ஆண்டு வந்த சதுர வடிவ ஒரு காசு வெண்கலத்தால் ஆனது. அதில் பெரும்பகுதி செம்பு.

வெள்ளி ஏன் கறுக்கிறது?

துரு என்று நினைக்காதீர்கள். காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் வெள்ளியுடன் வினைபுரிந்து வெள்ளி சல்பைடு என்ற படலத்தை உண்டாக்குகின்றன. படலம் மெல்லியதாக இருக்கும்போது மஞ்சளாகவும், தடிக்கத் தடிக்க நீலமாகவும், பிறகு கறுப்பாகவும் தெரியும்.

பேராக்கை வாழவைத்த ரப்பரே இதில் ஒரு குற்றவாளி. மரத்துப் பாலைக் குறை சொல்ல முடியாது. அதை உறுதியான ரப்பராக்கத் தொழிற்சாலையில் கந்தகம் சேர்த்துச் சூடாக்குகிறார்கள். காசுகளைக் கட்டி வைத்த ரப்பர் பேண்டிலிருந்து அந்தக் கந்தகம் மெல்ல வெளியேறி, தொட்ட இடத்தில் கறுப்புக் கோடு போட்டுவிடும்.

தேய்த்தால் என்ன இழக்கிறோம்?

அச்சு ஓங்கி அழுத்தும்போது உலோகம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கிப் பாய்கிறது. அதனால் கண்ணுக்குத் தெரியாத நுண்கோடுகள் உருவாகின்றன. நாணயத்தை விளக்கொளியில் சாய்த்துச் சுழற்றினால் ஆரக்கால்போல ஒளி சுற்றி வருவது இவற்றால்தான். சாம்பல் துகள்கள் இந்தக் கோடுகளை அறுத்துவிடும். புளியின் அமிலமோ செம்பின் மேற்பரப்பையே கரைத்து, இயற்கைக்கு மாறான இளஞ்சிவப்பைத் தரும். இரண்டையும் திரும்பக் கொண்டுவர வழியில்லை.

தரம் பார்ப்பவர்கள் முதலில் கவனிப்பது இதைத்தான். மன்னரின் புருவம், கிரீடம் போன்ற மேடான இடங்கள் தேய்ந்திருக்கின்றனவா, மூல ஒளி இருக்கிறதா, கீறல்கள் எத்தனை என்று பார்த்து 1 முதல் 70 வரை எண் தருகிறார்கள். அமெரிக்கரான வில்லியம் ஷெல்டன் 1949இல் வகுத்த அளவுகோல் இது. 60க்கு மேல் என்றால் புழக்கத்தில் தேயாத காசு. கடுமையாகத் தேய்த்துக் கழுவிய காசுக்குத் தர நிறுவனங்கள் எண்ணே தருவதில்லை, 'சுத்தம் செய்யப்பட்டது' என்று குறித்துவிடும். விலையும் விழும்.

என்ன செய்யலாம்?

மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஊறவிட்டு, தேய்க்காமல் மென்துணியில் ஒற்றி எடுங்கள். காசை விளிம்பில் மட்டும் பிடியுங்கள். விரல் வியர்வையின் உப்பு நாளடைவில் ரேகையாகவே பதிந்துவிடும். பச்சைப் பொடி உதிரும் வெண்கலக் காசைத் தனியே பிரித்து, உலர்வாக வையுங்கள். அது உப்பும் ஈரமும் சேர்ந்து செம்பை அரிப்பதன் அடையாளம்.

மென்மையான பிவிசி உறை வேண்டாம். அதை வளைய வைக்கும் எண்ணெய் கசிந்து பச்சைப் பிசுக்காகப் படியும். மைலார் எனப்படும் பாலியெஸ்டர் உறையே பாதுகாப்பு. மர அலமாரியும் அமில ஆவி விடும் என்பதால், காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் வையுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் அது விரைவில் நிறைந்துவிடும், அவ்வப்போது மாற்ற வேண்டும்.

டப்பாவை இன்றே திறந்து பாருங்கள். ரப்பர் பேண்ட் இருந்தால் முதலில் அதை எடுத்துவிடுங்கள். கறுப்பை அப்படியே விடுங்கள். பால்வெட்டிச் சம்பாதித்த கைகளில் புழங்கிய காசு அது, பளபளக்க வேண்டிய தேவை அதற்கு இல்லை.