சிசிடிவி சாட்சியும் ஹாஷ் எண்ணும்: இளம் வக்கீல்களுக்கு

இந்த எபிசோட் நம்ம திண்டுக்கல் கோர்ட்ல புதுசா விசாரணை நடத்துற வக்கீல் நண்பர்களுக்கு. நான் சட்டம் படிக்கல, சாஃப்ட்வேர் ஆளு. ஆனா 2024 ஜூலை 1-ல் அமலுக்கு வந்த பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-வது பிரிவு, என் வேலையில ஒரு துண்டை உங்க மேஜைக்குக் கொண்டுவந்திருக்கு.

பூட்டுக் கடைக்காரர் ஒருத்தர், திருட்டு பதிவான சிசிடிவி வீடியோவை பென்டிரைவில் கொண்டுவர்றார்னு வைங்க. அந்த நகலைத் தாக்கல் செய்ய 63(4) சான்றிதழ் வேணும். அதில் இரண்டு பகுதி: ஒன்றைத் தாக்கல் செய்பவர் தரப்பு நிரப்பணும், மற்றதை நிபுணர். இரண்டிலும் ஹாஷ் எண் கேட்கிறாங்க.

ஹாஷ்னா, ஃபைலோட கைரேகை மாதிரி. ஃபைல் பேரை மாத்தினா அது மாறாது. உள்ளே ஒரு பிட் மாறினாலும் வேற எண் வரும். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினா, அது சுருக்கப்பட்டு வேற ஃபைல் ஆயிடும். குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்புக்கு இது போதும்.

அதனால கட்சிக்காரர் வந்த அன்னைக்கே டிவிஆர்-ல இருந்து நேரடியா காப்பி எடுக்கச் சொல்லுங்க. பழைய பதிவு மேல புதுசு பதிவாகிட்டே இருக்கும். உடனே ஷா-256 ஹாஷ் எடுத்து, தேதி, நேரத்தோடு எழுதி வைங்க.

பதிவு வேற ஆள் கையில இருந்து, சான்றிதழ் தர மறுத்தா? கோர்ட்டில் மனுப் போட்டுக் கேட்கலாம். பழைய 65பி பிரிவை வைத்து, 2020-ல் அர்ஜுன் பண்டித்ராவ் கோத்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த வழியைச் சொல்லியிருக்கு.