மெட்டுக்கு வந்த தமிழ்

அல்சூர் ஏரிக்கரையில் மாலை நேரத்தில் உலாவச் செல்வோர் ஒரு தமிழ்ப் பாட்டையேனும் கேளாமல் வீடு திரும்புவது அரிது. தேநீர்க் கடையிலிருந்தோ, திருமண வீட்டு ஒலிபெருக்கியிலிருந்தோ, நம்மைக் கடந்து செல்பவரின் வாயிலிருந்தோ அது மிதந்து வரும். அவ்வாறு வரும் பாட்டுகளுள் ஒன்று, சிறுவன் ஒருவனை அருகழைத்து அறிவுரை கூறுவது. உடல் வளர்வது போல அறிவும் வளர வேண்டும், மரத்தின் உச்சியில் பேய் ஆடுகிறது என்று அச்சுறுத்துவோர் சொல்லை நம்பலாகாது என்று அது சொல்கிறது. 1961இல் வெளிவந்த 'அரசிளங்குமரி' என்னும் படத்துப் பாட்டு அது. பாடியவர் யார் என்று வினவினால், டி. எம். சௌந்தரராஜன் என்று உடனே விடை வரும். திரையில் தோன்றியவர் எம். ஜி. ஆர். என்பதைச் சிறுவரும் சொல்வர். அச்சொற்களை ஆக்கியவர் யார் என்னும் வினாவுக்குத்தான் சற்றுத் தயக்கம் உண்டாகிறது.

ஆக்கியவர் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம். அப்படம் வெளிவந்தபோது அவர் உயிரோடு இல்லை.

பிற நாட்டிலும் பாட்டு எழுதுவோர் உளர். 1958ஆம் ஆண்டு இத்தாலி நாட்டின் சான்ரெமோ பாட்டு விழாவில் தொமேனிகோ மொதுன்யோ என்பவர், பிராங்கோ மில்யாச்சி என்னும் நண்பரோடு சேர்ந்து தாம் ஆக்கிய பாட்டைத் தாமே மேடையேறிப் பாடி முதற்பரிசு பெற்றார். மறு ஆண்டில் அமெரிக்க நாட்டின் கிராமி பரிசும் அதற்குக் கிடைத்தது. ஆக்கியவரின் முகத்தையும் குரலையும் உலகம் ஒருங்கே அறிந்தது. அதே 1958இல் நம் நாட்டில் 'நாடோடி மன்னன்' வெளிவந்தது. அதில் கல்யாணசுந்தரத்தின் சொற்களை ஊரெல்லாம் பாடிற்று. ஆனால் அவர் முகத்தை அறிந்தவர் சிலரே. நம் திரையுலகில் நடிப்பவர் ஒருவர், பாடுபவர் ஒருவர், இசையமைப்பவர் ஒருவர், எழுதுபவர் ஒருவர். கொட்டகை வாயிலில் விற்ற பாட்டுப் புத்தகத்தை வாங்கிப் படித்தவருக்கே புலவர் பெயர் தெரிய வந்தது.

அப்புலவரின் வாழ்க்கையைச் சிறிது நோக்குவோம். பட்டுக்கோட்டையை அடுத்த செங்கப்படுத்தான்காடு என்னும் சிற்றூரில் 1930 ஏப்ரல் 13ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தை அருணாசலம் கும்மிப் பாட்டு இயற்ற வல்லவர். பள்ளிப் படிப்பு மிகக் குறைவு. உழவு முதலாகப் பல தொழில்களைச் செய்து பார்த்தார். நாடகக் குழுவில் நடித்தார். தஞ்சைத் தரணியில் உழவர் இயக்கம் எழுந்த காலத்தில் அதில் பங்கு கொண்டார். புதுச்சேரிக்குச் சென்று பாவேந்தர் பாரதிதாசனிடம் தங்கிப் பயின்றார். 1955ஐ ஒட்டித் திரைத்துறையில் கால் வைத்தார். 1957இல் மணம் புரிந்தார். 1959 அக்டோபர் 8ஆம் நாள் காலமானார். அப்போது அவருக்கு அகவை 29. திரைக்கு அவர் பணிபுரிந்த காலம் ஐந்தாண்டுக்கு மேற்படாது.

இந்தக் குறுகிய காலத்துப் பாட்டுகள் இத்தனை ஆண்டுகள் நிலைத்ததற்குக் காரணம் யாது? திரைப்பாட்டு எழுதும் முறையை அறிந்தால் அது விளங்கும். பெரும்பாலும் மெட்டே முதலில் பிறக்கும். இசையமைப்பாளர் தத்தகாரம் சொல்வார். எங்கே குறில், எங்கே நெடில், எங்கே மூச்சு நிற்கும் என்பதெல்லாம் அதில் முன்கூட்டியே அமைந்துவிடும். அந்த அச்சுக்குள் பொருளைப் பொருத்துவதே புலவரின் வேலை. பொருள் குன்றினும் மெட்டு நின்றால் போதும் என்று எழுதிவிடுவது எளிது. கல்யாணசுந்தரத்துக்கு அந்த நெருக்கடி புதிதன்று. ஏற்றம் இறைப்பவரும் நாற்று நடுபவரும் கையின் அசைவுக்கும் மூச்சின் அளவுக்கும் ஏற்பவே பாடுகின்றனர். அந்த அளவில் சிந்திப்பதை அவர் வயல் வரப்பிலேயே பழகிக்கொண்டார். ஆதலால் மெட்டும் நின்றது, கருத்தும் நின்றது.

'நாடோடி மன்னன்' படத்தில் உழவனும் உழத்தியும் பாடும் பாட்டைச் சான்றாகக் கொள்ளலாம். உழைத்து விளைவித்தும் நமக்கு மிஞ்சுவது யாது என்று அவள் கேட்கிறாள். நல்ல காலம் வரும் என்று அவன் விடை சொல்கிறான். பொருளாதார நூல்கள் பேசும் செய்தி இது. ஆயினும் அகராதியைத் தேட வேண்டிய சொல் ஒன்றேனும் அதில் இல்லை. 1961இல் வந்த 'திருடாதே' படத்தில், திருடனைச் சட்டம் மட்டும் திருத்திவிடாது, அவனே திருந்த வேண்டும் என்று ஒரு குழந்தைக்குச் சொல்வது போல ஊருக்கே சொன்னார். அறிவுரைப் பாட்டில் மட்டுமே அவர் வல்லவர் என்று கருதவும் இடமில்லை. ஸ்ரீதர் இயக்கி, ஏ. எம். ராஜா இசையமைத்த 'கல்யாணப் பரிசு' 1959இல் வெளிவந்தது. அதன் பாட்டுகள் அனைத்தும் இவருடையவை. காதலின் இன்பத்தையும் துன்பத்தையும் அங்கே அவர் மெல்லிய சொற்களில் வைத்தார்.

இனி, அல்சூருக்குத் திரும்புவோம். 1809இல் பெங்களூரில் ஆங்கிலேயர் தண்டு அமைத்தபின், படைவீரரும் வணிகரும் தொழிலாளருமாகத் தமிழர் பலர் வந்து இப்பகுதிகளில் குடியேறினர். 1950இல் தோன்றிய பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் இவ்வேரிக்கு அருகிலேயே இருக்கிறது. இன்று இங்கு வாழும் தமிழ்ப் பிள்ளைகளிற் பலர் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ கல்வி பயில்கின்றனர். வாழும் நாட்டின் மொழியைக் கற்பது கடமை. அதில் குறை காண்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் வீட்டில் தமிழ் பேசும் பிள்ளை தமிழ் எழுத்தைக் கண்டால் விழிக்கும் நிலை நம் கண்முன் இருக்கிறது. ஏரிக்கரையில் 2009இல் திருவள்ளுவர் சிலை திறக்கப்பட்டது. அது ஊருக்கு அழகு. குறளைப் படிக்க அறியாத பிள்ளைக்கோ அது கல்லாகவே நின்றுவிடும்.

அப்பிள்ளைக்கு வாய்த்திருக்கும் தமிழாசிரியர் பெரும்பாலும் திரைப்பாட்டு ஒன்றுதான். அவ்வாசிரியர் வெறும் சந்தத்தைக் கற்பிப்பாராயின் பிள்ளை சந்தத்தோடு நிற்கும். கல்யாணசுந்தரம் போன்றவராயின் சொல்லும் பொருளும் நெஞ்சில் தங்கும். ஏடறியாத உழவருக்காக அவர் எளிமையாக எழுதினார். இன்று ஏடறியாத நகரத்துப் பிள்ளைக்கும் அவ்வெளிமையே பயன்படுகிறது.

நாம் செய்யத்தக்க சிறு செயல் ஒன்று உண்டு. தமிழக அரசு 1993இல் அவர் படைப்புகளை நாட்டுடைமை ஆக்கிற்று. நூல்களும் எளிதில் கிடைக்கின்றன. பிள்ளைக்கு மனப்பாடமாக உள்ள ஒரு பாட்டை எடுத்து, பெரிய எழுத்தில் எழுதி, அதன் முன் வைப்போம். ஓசை முன்பே தெரியுமாதலால், எந்த ஒலிக்கு எந்த எழுத்து என்பதைப் பிள்ளை தானே கண்டுகொள்ளத் தொடங்கும். ஒரு பாட்டு முடியுமுன் பல எழுத்துகள் பழகிவிடும். பாட்டின் அடியில், எழுதியவர் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் என்று சேர்த்து எழுதவும் மறவாதிருப்போம். பிள்ளை தானே எழுத்துக் கூட்டிப் படிக்கும் முதற்பெயர்களுள் ஒன்றாக அது அமையட்டும்.